மூன்றாம் வகுப்புக் குழாயடி

என் ஓரகத்தியை வீட்டில் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். அவள் புருஷன், அதாவது என் கொழுந்தன்கூட அப்படித்தான். நான் மூத்த மருமகள், அவள் இளையவள். ஒரே சமையலறையில் இத்தனை வருஷம் புழங்கியிருக்கிறோம். பாத்திரம் உருண்டதும் உண்டு, வாரக்கணக்கில் பேச்சு நின்றதும் உண்டு. அதனால் அவளை நான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அவளுக்கு இருந்த குரல் லேசுப்பட்ட குரல் இல்லை. மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டே கீழே அடுப்பை அணைக்கச் சொல்வாள். எனக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரி தன் அடுப்பை அணைத்துவிடுவாள்.

ஐந்தாம் வகுப்பு வரை உள்ள சின்னப் பள்ளிக்கூடத்தில் அவள் மூன்றாம் வகுப்பு டீச்சர். எல்லாப் பாடமும் எடுப்பாள், ஆனால் உயிர் சோசியல்மேல்தான். மற்ற வகுப்புகளில் அதற்கு மரியாதையே கிடையாது. கணக்கு முடியவில்லையா, சோசியல் பீரியடை எடுத்துக்கொள். ஆண்டு விழா ஒத்திகையா, அதற்கும் சோசியல்தான் பலி. இவள் வகுப்பில் அந்தக் கதை நடக்காது. வாசலை மறித்துக்கொண்டு நின்றுவிடுவாள்.

சேர்ந்த புதிதில் சுவரில் வரைபடத்தை மாட்டி, மேலே இருப்பது வடக்கு என்று சொல்லிக் கொடுத்தாளாம். மறுநாள் வடக்கு எங்கே என்று கேட்டால் வகுப்பே ஃபேனைக் கைகாட்டியது. அன்றைக்கே படத்தைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டாள். அதிலிருந்து எல்லாம் தரையில்தான். வகுப்பு நடுவில் சாக்பீஸால் ஒரு தெரு வரைவாள். கடை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் இருக்கும். பிள்ளைகள் ஆளுக்கொரு வீட்டுக் கட்டத்தில் சம்மணம் போட்டு உட்காரும். இவளும் அவர்களோடு தரையில் தவழ்ந்துவிட்டு, சேலை முழுக்க சாக்பீஸ் தூளோடு வந்து நிற்பாள். தினமும் வாஷிங் மெஷினில் போடுகிற எனக்குத்தான் அந்த அருமை தெரியும்.

போன வருஷம் அவள் தொண்டையில் தைராய்டு கட்டி வந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கட்டியும் பயப்படும்படி இல்லை. ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு ஒன்று அடிபட்டுவிட்டது. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. கொழுந்தன் இடுப்பில் கட்டிக்கொள்கிற மைக் ஒன்றை வாங்கி வந்தான். அது காற்றைப் பெரிதாக்கியதே தவிர பேச்சைப் பெரிதாக்கவில்லை. விசில் வருவதற்கு முன்னால் குக்கர் போடுமே, அந்தச் சத்தம். இனிமேலாவது வீட்டில் என் குரல் எடுபடும் என்று அவன் ஜோக்கடித்துப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. அவனே எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

அதில் ஒரு வேடிக்கை. அவள் ரகசியம் மாதிரிப் பேசப் பேச, நாங்களும் அப்படியே பேச ஆரம்பித்துவிட்டோம். ஒருநாள் என் வீட்டுக்காரர் சாப்பாட்டு மேஜையில் உப்பை ரகசியமாகக் கேட்டார். உங்கள் தொண்டைக்கு என்ன கேடு என்று திட்டினேன். திட்டியதும் ரகசியமாகத்தான்.

லீவு முடிந்ததும் தலைமை ஆசிரியை கூப்பிட்டனுப்பினார். பொல்லாதவர் இல்லை அந்த அம்மா. ஆனால் முப்பது பிள்ளைகளுக்குக் கேட்காத குரலை வைத்துக்கொண்டு வகுப்பு எப்படி நடத்துவது, ஆபீசில் ஒரு மேஜை போட்டுத் தருகிறேன், அட்மிஷன் வேலையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். டீச்சர் ஒன்றே ஒன்று கேட்டாள். ஒரு வகுப்பு நடத்துகிறேன், பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அவரும் சரி என்றார். இவள் சொல்லுவதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்ல, பள்ளிக்கூடத்து ஆயாவைப் பக்கத்தில் நிறுத்துவதாக ஏற்பாடு.

வகுப்புக்கு முதல் நாள் சாயங்காலம் என் தையல் டப்பாவைக் கொட்டிப் பழைய பட்டன்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "ஆபீஸ்ல உக்காந்தா கால்வலி மிச்சம், சேலை மிச்சம். எதுக்கு இந்தப் பிடிவாதம்?"

அவள் என் காதருகே குனிந்தாள். "அங்க யாரும் என்கிட்ட எதுவும் கேக்க மாட்டாங்கக்கா. இதுங்க கேட்டுக்கிட்டே இருக்கும்."

டப்பாவின் அடியில் கிடந்த பெரிய பச்சைப் பட்டனையும் எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் வெந்நீர் பிளாஸ்க்கை மறந்துவிட்டுப் போய்விட்டாள். கொண்டுபோன என்னைத் தலைமை ஆசிரியை கடைசி பெஞ்சில் உட்காரச் சொன்னார். அவர் எனக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தரையில் தெரு தயாராக இருந்தது. மேல்கோடியில் ஒரு கிண்ணம் நிறையப் பட்டன். கிண்ணம்தான் குழாய், பட்டன்தான் தண்ணீர். கிண்ணம் வீடு வீடாகப் போகும், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். டீச்சர் கிசுகிசுக்க, ஆயா அதைக் கேட் வரைக்கும் கேட்கிற மாதிரி முழங்கினாள்.

முதல் வீட்டுப் பையன் இரண்டு கையாலும் அள்ளினான். அடுத்த வீடுகளும் லேசில் விடவில்லை. கடைசி வீட்டில் இருந்தது ஒரு நோஞ்சான் பெண். வகுப்பில் வாயே திறக்காதவள் என்று டீச்சர் வீட்டில் சொல்லியிருக்கிறாள். அவளிடம் காலிக் கிண்ணம்தான் போய்ச் சேர்ந்தது. அவள் அதைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

டீச்சர் கையைக் கட்டிக்கொண்டாள். சும்மா நின்றாள். பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

ஆயாவால் தாங்க முடியவில்லை. "ஆளுக்கு அஞ்சு வச்சுக்கிட்டு மீதியத் திருப்பிக் குடுங்கடா. சண்டை போடாம பங்கு போட்டுக்கங்க. அவ்வளவுதான் பாடம்."

படபடவென்று பட்டன்கள் கிண்ணத்தில் விழுந்தன. பங்கும் போட்டாயிற்று. தலைமை ஆசிரியை பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். ஆயா வேலை முடிந்த திருப்தியில் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

டீச்சர் அவள் பக்கம் திரும்பினாள். ஆயாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். அறை அமைதியாக இருந்ததால் எனக்கும் கேட்டது. "நான் அதைச் சொல்லலையே ஆயாம்மா."

"நீங்க சொல்லாட்டி என்ன டீச்சரம்மா, அதானே நியாயம்?"

"நியாயம்தான். அதை அவங்க கண்டுபிடிக்கணும்."

ஆயாவைக் கைபிடித்து அழைத்துவந்து என் பக்கத்தில் உட்கார வைத்தாள். தன் தெருக் குழாயடியில் தான் ஒரு வார்த்தை சொன்னால் எதிர்ப்பேச்சு கிடையாது, இங்கே என்ன குற்றம் கண்டுவிட்டார்கள் என்று ஆயா என் காதைக் கடித்தாள்.

டீச்சர் எல்லாப் பட்டனையும் திரும்ப வாங்கிக் கிண்ணத்தில் போட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை வாய் பேசவில்லை, கைதான் காட்டியது. முதல் வீட்டுக்காரன் திருந்தவில்லை, மறுபடியும் அள்ளினான். கிண்ணம் மறுபடியும் காலியாகத்தான் கடைசிக்குப் போனது. டீச்சர் போய் அந்தப் பெண்ணின் கட்டத்துக்குள் அவளோடு ஒட்டி உட்கார்ந்து ஏதோ கேட்டாள்.

என்ன கேட்டாள் என்று யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்து வீடு எட்டிப் பார்த்தது. எதிர்வீடு எழுந்து வந்தது. கொஞ்ச நேரத்தில் தெருவே காலியாகி, எல்லோரும் கடைசி வீட்டைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களும் அவளைப் போலவே ரகசியக் குரலில்தான் பேசினார்கள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகளும் பின்னல்களும்தான். முதல் வீட்டுக்காரன் மட்டும் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு கடைசியாகப் போய் ஓரமாக நின்றான்.

"ஒண்ணும் கேக்கலையே. யாராவது சத்தமா சொல்லுங்க," என்றார் தலைமை ஆசிரியை.

ஒரு வாண்டு திரும்பி உதட்டில் விரலை வைத்தது. "மிஸ், அவ பேசிட்டு இருக்கா."

அந்த அம்மா எழுந்தார். கனத்த உடம்பு, முட்டிவலி வேறு. முதுகுகளை விலக்கிக்கொண்டு போய், டீச்சரின் தோளைப் பிடித்துத் தரையில் உட்கார்ந்தார். காதைக் கொடுத்தார். அந்தப் பெண் இன்னொரு தடவை சொன்னாள். அடக்க முடியாமல் பின்னாலேயே போய் நின்றிருந்ததால் நானும் கேட்டேன்.

"ஒரு நாளைக்கு முதல் வீட்டுல இருந்து ஆரம்பிக்கட்டும். மறுநாள் எங்க வீட்டுல இருந்து. அப்பத் தெரியும் அவனுக்கு."

வகுப்பு முடிந்து வராந்தாவில் வைத்துத் தலைமை ஆசிரியை முடிவைச் சொன்னார். "நல்லாத்தான் இருந்துச்சு டீச்சர். இல்லேன்னு சொல்லல. ஆனா ஒரு பையன் மாடிப்படியில தலைதெறிக்க ஓடினா நீங்க கூப்பிட்டு நிறுத்த முடியுமா?"

டீச்சர் மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தாள். அதற்கு யாரிடம்தான் பதில் இருக்கும். மூன்றாம் வகுப்பு வேறொரு டீச்சருக்குப் போனது. இவளுக்கு ஆபீசில் மேஜை. சோசியல் பீரியட் மட்டும், குரல் வந்தாலும் வராவிட்டாலும் வருஷக் கடைசி வரை அவளுடையது. ஆயா வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் சேலைகூட மாற்றாமல் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். அழுகைக்கும் சத்தம் இல்லை, தோள்தான் குலுங்கியது. நல்லதாக ஒரு வார்த்தை சொல்லலாம் என்று பார்த்தால் எனக்கு அதெல்லாம் வராது. வெங்காயத்தை நறுக்கி முடித்தேன். கையைக் கழுவிவிட்டு அவள் பையிலிருந்த பட்டன்களைத் தட்டில் கொட்டி நிறம் நிறமாகப் பிரித்தேன்.

"பெரிய பச்சையக் காணோமே."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். "முதல் வீட்டுக்காரன் பாக்கெட்ல இருக்கு."

"பாத்துக்கிட்டா சும்மா இருந்தே? பிடுங்க வேண்டியதுதானே?"

"நாளைக்குக் கிண்ணம் கடைசி வீட்டுல இருந்து கிளம்பும். அவன்கிட்ட வர்றப்ப ஒண்ணும் இருக்காது. அப்ப அவனா எடுத்துப் போடறானான்னு பாப்போம்."

"போடலைன்னா?"

முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சாக்பீஸ் தூள் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

"மறுநாளும் பீரியட் இருக்குக்கா."