வாடையில்லாத வாயுவுக்கு ஒரு நோட்டீஸ்

நோட்டீஸ் கொடுப்பது தொழில். வாங்கியவர் படிப்பார் என்று நம்புவது அந்தத் தொழிலில் வரும் நோய். ஆலை வாசலில் வெயிலில் நின்று காகிதம் நீட்டியிருந்தால் உங்களுக்கும் இது தெரியும். கல்லூரியை மிதிக்காத நான், அறிவியல் முழுக்கத் துண்டுப் பிரசுரத்தில்தான் கற்றேன். கோவில்பட்டிக்கு வெளியே கரிசலில் ஓர் அமில ஆலை வந்தபோது, சங்கத்துக்காரனான என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

வெள்ளை மணிகள்

"கார்பன் மோனாக்சைடு கொல்லும்" என்று நான் அடித்த நோட்டீஸைப் படித்துவிட்டு, ஆலையின் பொறியாளர் என்னை உள்ளே கூப்பிட்டார். படித்த முதல் ஆள். உள்ளங்கையில் ஜவ்வரிசி போல வெள்ளை மணிகளைக் கொட்டிக் காட்டினார். சியோலைட். காய்ந்து கிடக்கும் இதுவே ஓர் அமிலமாம். "அப்ப உங்க கை ஏன் வேகல?" என்றேன். அமிலமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகளுக்குள் இருக்கிறது என்றார். சூடான குழாயில் மணிகளை நிரப்பி, மெத்தனால் ஆவியையும் கார்பன் மோனாக்சைடையும் செலுத்தினால், துளைக்குள் இரண்டும் சேர்ந்து வினிகரில் இருக்கும் அதே அமிலமாக வெளியே வருமாம். மணிகள் மட்டும் கரையாமல் அப்படியே கிடக்குமாம். கேட்கக் கேட்க எனக்குக் கேள்வி முளைத்தது. ஒரு மணியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். பொறியாளர் சிரித்தார்: "எங்க முதலாளி இத்தன கேள்வி கேட்டதில்ல அண்ணாச்சி. எப்ப விக்கலாம்னுதான் கேக்காவ."

மூக்கு

மாரியப்பன் முன்பு தீப்பெட்டி ஆபீசில், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலையில், குச்சி மருந்து கலந்தவர். இங்கே கார்பன் மோனாக்சைடை அழுத்தும் கம்ப்ரசர் கொட்டகையில் வேலை. தீப்பெட்டி வேலையில் மூக்குதான் காவல். வாடை மாறினால் ஒதுங்கிவிடுவார்கள். இங்கேயும் அதே பழக்கம். வினிகர் வாடை தூக்கினால் வெளியே ஓடுவார், இல்லாவிட்டால் நிம்மதியாக உட்காருவார். அந்த வாடை கண்ணைத்தான் எரிக்கும், ஆளைக் கொல்வது வாடையே இல்லாத வாயு, கசிந்தால் கத்தும் அலாரம் பெட்டியை ஆளுக்கொன்று கேளுங்கள் என்றேன். "வாடையே இல்லன்னா, அது உங்க நோட்டீசுல மட்டும்தான் இருக்கு அண்ணாச்சி."

மேலாளர் அறை

ஆலையில் அலாரம் பெட்டி ஒன்றே ஒன்று இருந்தது. மேலாளர் அறையில், ஏசிக்குக் கீழே. கொட்டகையில் அல்லவா வேண்டும் என்று மேலாளரிடம் கேட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை. "கவலப்படாதீங்க தலைவரே, கேஸ் என் ரூமுக்கு வந்தா நானே எல்லாருக்கும் சொல்லிருதேன்."

பெட்டி

ஒரு மத்தியானம் மாரியப்பனுக்குத் தலை வலித்தது. வினிகர் வாடை இல்லை. பசி என்று நினைத்துக் கொட்டகையிலேயே சாய்ந்துவிட்டார். அந்தப் பக்கம் வந்த பொறியாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்து, அவரை வெளியே இழுத்துப் போட்டார். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் கொடுத்துப் பிழைத்தார். மறுநாள் வேலைக்கு வந்த யாரும் வாசலைத் தாண்டவில்லை. நோட்டீஸில் நான் அச்சடித்த கோரிக்கையைத்தான் சொன்னார்கள்: ஆளுக்கொரு பெட்டி. வந்துசேர்ந்தது.

மாரியப்பன் வேலைக்குத் திரும்பிய அன்று, சட்டையில் பெட்டியோடு வாசலில் நின்றார். புது நோட்டீஸை நீட்டினேன். படிக்காமல் மடித்துக்கொண்டே சொன்னார்: "இது கத்துனா ஓடிருதோம் அண்ணாச்சி. நீங்க இத்தன நாளாக் கத்துனீய, ஒருத்தன் ஓடுனானா?"

காற்றில் கலந்த விஷத்தைத் துல்லியமாகக் காட்டும் அந்தப் பெட்டி, தான் யார் கத்தியதால் அவர் சட்டைக்கு வந்தோம் என்பதை மட்டும் காட்டாது.