சட்டிக்குத் தப்பிய பச்சைப் பல்லி

சோளக்காட்டுச் சந்தையை விட்டு ஒரு மணி நேரம் நடந்திருப்பேன். தோளில் சாக்கு, சாக்குக்குள் ஓர் இக்வானா. எங்கோ கடல் தாண்டிய காடுகளில் தழை தின்று வாழும் பெரிய பச்சைப் பல்லி அது. அந்தச் சந்தையில் உலக விசித்திர விலங்குகள் என்று பலகை மாட்டிய கூடாரத்தில் நான் கூண்டு கழுவிக்கொண்டிருந்தேன். கையகலச் சிலந்தி, முடியில்லாத எலி, இது.

மலைக்குளிரில் இரண்டு நாளாக விறைத்துக் கிடந்தது. "செத்துப்போச்சு. ஓடையில வீசிட்டு வா" என்றார் முதலாளி. தூக்கியபோது அதன் தொண்டைத் தோல் ஒருமுறை அசைந்தது. வீசவில்லை. கூடாரத்துக்குத் திரும்பவும் இல்லை. நான் எந்த வேலையையும் சொல்லிக்கொண்டு விட்டதில்லை.

வழியோரம் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காடு. தழை தின்பதுதானே என்று ஒரு கொத்து ஒடித்து அதன் வாயருகே நீட்டினேன்.

"ஏனுங்க, அதயப் போடாதீங்க! கெழங்குத் தழ தின்னா மாடே சாயுமுங்க!"

மேட்டில் வீட்டை ஒட்டிய பாறையில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்த பெண் இறங்கி வந்தார். ஐம்பது வயதிருக்கும். சாக்குக்குள் எட்டிப் பார்த்தார்.

"உடும்புங்களா? இதுக்கு எதுக்குங்க தழ? நேரா சட்டிக்குப் போவ வேண்டியதுதான."

"உடும்பு இல்லீங்க. வெளிநாட்டுப் பிராணி. தழைதான் தின்னும்."

"தழ திங்கிற உடும்பு! உங்களய எவனோ நல்லா ஏமாத்திப்போட்டானுங்க."

"குளிர் தாங்காமக் கெடக்குதுங்க. சூடு கெடைச்சாப் பொழச்சுக்கும்."

அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு அதன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"பாற நல்லாச் சுடுது. கொண்டாந்து போடுங்க. தழ தின்னா உட்டுர்றேன். திங்கலீனா உடும்புதான். சாயங்காலம் கொழம்பு."

மிளகை ஒதுக்கி இடம் விட்டார். எனக்குச் சாமைச்சோறு போட்டார். முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு அதுதான் சாப்பாடு. உச்சி வெயில் ஏறியதும் பல்லியின் சாம்பல் நிறம் மெல்லப் பச்சையானது. தலையைத் தூக்கியது. முன்னால் ஒரு செம்பருத்திப் பூவைப் போட்டார். அது பூவைப் பார்க்கவே இல்லை. அவர் உள்ளே போய்ச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தார். விளையாட்டா நிஜமா என்று எனக்குத் தெரியவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் பல்லி நாக்கை நீட்டிப் பூவை இழுத்து விழுங்கியது.

"அட சாமீ, ஆடாட்டமாத் திங்குது!" என்று இன்னும் இரண்டு பூவைப் பறித்து வந்தார். இருட்டும் முன் அதைக் கூடையில் வைத்து அடுப்போரம் மூடினார்.

காலையில் வாசல் தெரியாத பனி. அந்தப் பாறையையும் அடுப்பையும் விட்டு அதை எடுத்துப்போக எனக்கு இடமில்லை. மிளகு காய இன்னும் நாலைந்து வெயில் வேண்டும், கிளறிவிட ஆளில்லை என்றார் அவர். பனி விலகியதும் செருப்பைக் கழற்றிவிட்டு, மிளகுக்குள் காலை விட்டுத் துழாவ ஆரம்பித்தேன்.