மஞ்சள் கோடும் ஆடிப்போன ஸ்டியரிங்கும்

எங்கள் டிராக்டர் மாமனார் வாங்கியது. பெயிண்ட் உரிந்து, சைலன்சர் ஓட்டையாகி, பேரிகை ஊர்ச் சந்தைப் பக்கம் போனால் ஆளைப் பார்க்காமலே "வந்துட்டாங்கப்பா" என்று சொல்லிவிடுவார்கள். அதை ஓட்டுவது நான். ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு இங்கே வந்தவள். வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு வண்டிக் கம்பெனியில் ஷிஃப்டுக்குப் போகிறவர். அவருக்கு லீவு கிடைக்கிற வரைக்கும் மழை ஈரம் காத்திருக்குமா? அதனால் நானே ஏறி, நானே கியரை நெரித்து, நானே கற்றுக்கொண்டேன். அந்த சீட்டில் உட்கார்ந்தால் வருகிற சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் வருவதில்லை. இதை நான் யாரிடமும் மறைத்ததும் இல்லை.

போன ஆடியில் அந்த சீட்டுக்கே ஆபத்து வந்தது.

கேழ்வரகு விதைக்க உழுதுகொண்டிருந்தேன். ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் திருப்பினால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது போல முன் சக்கரம் சும்மா இருந்தது. நான் இன்னும் கொஞ்சம் திருப்பினதும் ஒரேயடியாகத் திரும்பியது. வீட்டுக்கு வருகிற வழியில் அப்படித்தான் பக்கத்துத் தோட்டத்தில் தக்காளிக்கு நட்டிருந்த குச்சிகளைச் சாய்த்துவிட்டேன். அந்தத் தோட்டத்து அக்கா வீட்டில் கன்னடம், வெளியே தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. நல்லவேளை, அன்றைக்குத் தமிழ்தான்.

"ஏன்மா, தோட்டத்துக்குள்ளயே வண்டியில வர்ற? கூப்பிட்டிருந்தா நானே காபி எடுத்துக்கிட்டு வந்திருப்பேனே!"

ஷிஃப்ட் முடிந்து மத்தியானம் வந்த வீட்டுக்காரர் நேராக நிலத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"என்னா உழவு இது? மாடு ஒண்ணுக்குப் போன மாதிரி கோணிக்கிட்டுக் கெடக்குது."

"ஸ்டியரிங்ல ஆட்டம் இருக்குதுங்க."

"ஆட்டம் வண்டியில இல்ல, உன் கையில. போன மாசம் ஸ்டியரிங் பாக்ஸக் கழட்டி, ஆயில் சீல் மாத்தி, நாந்தான மாட்டுனேன்? ஒவ்வொரு நட்டுலயும் மார்க் போட்டிருக்கேன். போய்ப் பாரு, ஒரு கோடு விலகியிருக்குதான்னு."

இந்த மார்க்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பெனியில் நட்டை இறுக்கியதும் நட்டிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுப்பார்கள். நட்டு தளர்ந்து திரும்பினால் கோடு இரண்டாக விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். அங்கே இவர் வேலை கோடு போடுவதுதான். கை சும்மா இருக்காமல் வீட்டிலும் போடுவார். எங்கள் கேஸ் அடுப்பு, சைக்கிள், மோட்டார் எல்லாவற்றிலும் மஞ்சள் கோடு உண்டு. கட்டிலில்கூட இருக்கிறது.

நான் போய்ப் பார்த்தேன். நிஜமாகவே ஒரு கோடும் விலகவில்லை.

"பாத்தியா? பேரிகையில ஒரு டிரைவருக்குச் சொல்லிட்டேன். காலையில வந்து மிச்சத்த உழுதுடுவாரு. இனிமே எப்பவும் அவரே வரட்டும். நீ ஏன் கஷ்டப்படணும்?"

கஷ்டமாம்! எனக்கு அழுகை வந்துவிட்டது. துக்கத்தில் வருகிறது இல்லை, கோபத்தில் வருகிறது. விடிந்தால் என் சீட்டில் இன்னொருத்தர். விட்டுவிடுவேனா? முந்தானையை இடுப்பில் சொருகினேன்.

"ஏறி உக்காருங்க."

"இன்னும் டீயே குடிக்கல."

"குடிக்கலாம். ஏறுங்க."

எஞ்சினை ஸ்டார்ட் பண்ணவில்லை. அவரை ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்லிவிட்டு நான் உரச்சாக்கை விரித்து முன்பக்கம் கீழே படுத்தேன். டயரில் காற்று சரியாக இருந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கி முன் சக்கரங்களை அசைத்துப் பார்த்தேன், அங்கேயும் ஆட்டம் இல்லை. ஜாக்கியை இறக்கிவிட்டு, "லேசா இந்தப் பக்கம், லேசா அந்தப் பக்கம்" என்று ஆட்டச் சொன்னேன். மேலே கை அசைக்கிற அசைவு எந்த இடத்தில் வந்து செத்துப்போகிறது என்பதைப் பார்ப்பதுதான் என் யோசனை. ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகிற ராடு சேர்கிற ஒவ்வொரு மூட்டின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். மூட்டு தேய்ந்திருந்தால் கையில் டொக்கென்று ஒரு தட்டு தெரியும். ஒன்றிலும் தட்டவில்லை.

"என்னா, ஒண்ணும் இல்லியா?" மேலேயிருந்து குரலில் அத்தனை குஷி.

"வாய மூடிக்கிட்டு ஆட்டுங்க."

எழுந்து, ஸ்டியரிங் தண்டுக்கு அடியில் பல்சக்கரம் இருக்கிற அந்த ஸ்டியரிங் பாக்ஸுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டேன். அவர் ஆட்டினார். சோறு கொதிக்கும்போது மூடி எழும்பி எழும்பி உட்காருமே, அப்படி அந்தப் பாக்ஸே எழும்பி உட்கார்ந்தது! அடக் கடவுளே! உள்ளே இருக்கிற பல் எல்லாம் ஒழுங்கு, ராடு ஒழுங்கு. பாக்ஸ்தான் பிடிமானம் இல்லாமல் ஆடுகிறது. அதைப் பிடித்திருந்த நட்டில் விரல் வைத்துத் திருப்பினேன். ஸ்பேனர் இல்லை, ஒன்றும் இல்லை. காய்ந்த பெயிண்ட் பொரிந்து உதிர்ந்தது, நட்டு சுகமாகச் சுழன்றது.

"எறங்கி வாங்க. வந்து உங்க கோட்டப் பாருங்க."

இறங்கி வந்தார். அடுத்த நட்டைத் தானே தொட்டார். அதுவும் சுழன்றது. அப்புறம் அவருக்கே புரிந்தது. கம்பெனியில் மெஷின் இறுக்கி அனுப்பும், இவர் கோடு போடுவார். வருஷக்கணக்கில் அதுதான் பழக்கம். வீட்டிலும் நட்டைக் கையால் மாட்டிவிட்டுப் பேனாவை எடுத்துவிட்டார். இறுக்குவதற்குத்தான் ஆள் வரவில்லை. காய்ந்த பெயிண்ட் பிடித்துக்கொண்டதில் நட்டும் திரும்பவில்லை, கோடும் விலகவில்லை.

நான் சாக்கின் மேலேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். தக்காளித் தோட்டத்து அக்கா வேலியோரம் வந்து என்ன விஷயம் என்று கேட்டு, அவரும் சிரித்தார். வீட்டுக்காரர் முறைத்துப் பார்த்தார், முடியவில்லை, அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்பேனரை எடுத்து எல்லாவற்றையும் முக்கி முக்கி இறுக்கினார். அந்த டிரைவரைப் பற்றி மட்டும் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் "வரட்டுமே" என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்கு பயம்.

காலையில் வெளிச்சம் வந்ததும் நானே போய் ஏறிக்கொண்டேன். பிடித்த இடத்தில் நின்றது ஸ்டியரிங். இரண்டு உழவுச் சால் ஓட்டுவதற்குள் மொபெட்டில் அந்த டிரைவர் வந்துவிட்டார். அன்றைக்கு மத்தியான ஷிஃப்ட் என்பதால் வீட்டிலிருந்த வீட்டுக்காரர் வரப்பில் அவரோடு பேசிக்கொண்டிருந்தார். டிரைவர் நான் ஓட்டிய உழவையே பார்த்தபடி நின்றார். நான் வரப்போரம் வந்து வண்டியைத் திருப்பும்போது அவர் சொன்னது கேட்டது.

"நேராத்தான் போவுது. மழ பேஞ்சதுல எல்லாரும் என்னயே கூப்புடறாங்க, என்னால முடியல. ரெண்டு நெலத்துக்கு இந்தம்மாவ அனுப்புவீங்களா?"

வீட்டுக்காரர் என் பக்கம் கையைக் காட்டினார்.

"என்னெ எதுக்குக் கேக்கறீங்க? வண்டி அவங்க கையில இருக்குது, அவங்கள கேளுங்க."

சைலன்சர் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி, எஞ்சினை அணைத்துவிட்டு வீட்டுக்காரரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.