கண்கொத்தியும் அவள் அப்பாவின் பேச்சும்

என் மனைவிக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் கண்கொத்தி. அதை நான் வைத்திருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பேன். ஒரு மருத்துவமனையின் நோயாளிப் பதிவுகள் ஊரின் மறுகோடியில் இருக்கும் இன்னொரு கட்டடத்துக்கும் உடனுக்குடன் பிரதியாகப் போய்ச் சேரவேண்டும். போகிற வழியில் தகவலைக் கடத்திவிடும் நெட்வொர்க் ஸ்விட்சுகளில் எதுவும் கோளாறு செய்கிறதா என்று திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் இவள் பிழைப்பு. பிரதி வந்துவிட்டது என்றால் நம்பமாட்டாள். அசலோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் இவளுக்குச் சோறு இறங்கும். நான் கடைக்குப் போய் வந்தாலும் அதே சோதனைதான்.

என் மாமனார் பேருந்து ஓட்டுநர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பார். மகளை ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. அதற்காக இவள் ஏங்கியது எனக்குத் தெரியும். அவர் ஓய்வு பெறும் நாளில் பணிமனையில் ஒரு சின்னக் கூட்டம். அவர் பேசப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் முன்வரிசையில் இடம் பிடித்துவிட்டாள்.

அவர் மைக்கைத் தொட்டதும் இவள் முகம் வெளுத்தது.

"ஐயோ, அலாரத்த தொறக்கவே இல்லையே!"

காலையில் ஒரு கேபிளை மாற்றியிருக்கிறார்கள். மாற்றும்போது வீணாகக் கூச்சலிடும் என்று அந்த ஸ்விட்சின் அலாரத்தை அடைத்து வைத்தாள். வேலை முடிந்த அவசரத்தில் அப்படியே கிளம்பி வந்துவிட்டாள். வேறு யாராவது இதைச் செய்திருந்தால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள்.

"நீங்க ரெக்கார்டு பண்ணுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு வெளியே ஓடினாள். போனில் சக ஊழியரிடம் அவள் கத்தியது உள்ளே கேட்டது. "திரையில பச்சையாத்தான் தெரியும்! நான்தான் அதோட வாய அடைச்சு வச்சிருக்கேன். மொதல்ல தொறங்க!"

திறந்ததும் சிவப்பு. புதுக் கேபிள் சரியாகப் பொருந்தவில்லை. பதிவுகள் போகும் இரண்டு பாதைகளில் ஒன்று செத்து, பாரம் முழுவதும் மற்றொன்றில் விழுந்து, பிரதி பின்தங்கிக் கிடந்தது. அந்த ஊழியர் கேபிளைச் சரிசெய்து, பிரதி அசலை எட்டிப்பிடிக்கும்வரை இவள் போனை வைக்கவில்லை. உள்ளே வந்தபோது கைதட்டல்கூட அடங்கிவிட்டிருந்தது.

என் போனில் என்ன பதிவாகியிருந்தது? ஒரு நொடி, என் செருப்பு. பதற்றத்தில் பொத்தானை இரண்டு தடவை அமுக்கித் தொலைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடமே கேட்டாள்.

"பேசினது பேசினதுதான். முடிஞ்சு போச்சு" என்று செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

சமையலறையில் என்னைப் பிடித்தாள். கண் கலங்கியிருந்தது. "நீங்க சொல்லுங்க. ஒரு வார்த்தை விடக்கூடாது."

என் ஞாபகசக்தி ஊரறிந்தது. இருந்தாலும் அந்த முகத்தைப் பார்த்து எப்படி மறுப்பது? ஆரம்பித்தேன். "சின்ன வயசுல நீ ஜன்னல்லயே நின்னு பாத்துக்கிட்டு இருப்பியாம். அதனால அவரு சீக்கிரமா வண்டிய ஓட்டிக்கிட்டு வந்து..."

"சீக்கிரம் இல்ல மாப்பிள்ள." மாமனார் வாசற்படியில் நின்றார், செய்தித்தாளைக் கையில் பிடித்தபடி. "அப்படி ஓட்டினா உள்ள இருக்கிறவங்க கதி என்ன? நிதானமான்னு சொன்னேன். எம் பொண்ணு பாத்துக்கிட்டு நிப்பா, பத்திரமா வீடு சேரணும்னு நிதானமா ஓட்டினேன். ஒரு விபத்து கெடையாது. எனக்குக் கெடச்ச நல்ல பேரு அவளோடது."

கண்கொத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்கப்பா. சரிபாக்கணும்."

அவர் சொன்னார்.