ஏழு ரூபாய் ஷேர் ஆட்டோவும் வலிப்பு மாத்திரையும்

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன்: எனக்குத் தொடையிடுக்கில் படர்தாமரை. மாம்பலத்தில் மருந்து வாங்கினால் நான் வீடு திரும்புவதற்குள் கடைக்காரர் வழியாக மைத்துனருக்குச் செய்தி போய்விடும். அதனால்தான் 2006-இல் ஒரு செவ்வாய்க்கிழமை, தெரிந்த முகமே இல்லாத திருவொற்றியூருக்கு, ஓர் இலவச மருத்துவமனையைத் தேடிக் கிளம்பினேன்.

பாரிமுனையிலிருந்து தண்டையார்பேட்டைக்குப் பேருந்து. அங்கிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர் ஷேர் ஆட்டோ, ஏழு ரூபாய். முன்னால் கண்டெய்னர் லாரி, பின்னால் டேங்கர் லாரி, நடுவில் நாங்கள் ஒன்பது பேர். ஓட்டியவர் சேகர்.

"ஆஸ்பத்திரிக்கா சார்? இதுவும் அங்கதான் மாத்திரை வாங்குது. வலிப்பு" என்று பக்கத்திலிருந்த மனைவி குமாரியைக் காட்டிச் சிரித்தார். சேகரின் ஈறு வளர்ந்து பல்லை முக்கால்வாசி மூடியிருந்தது. மனதுக்குள் கிண்டலடித்துக்கொண்டேன்.

ஒன்பது பத்துக்கு டோக்கன், எண் 41. பதினொன்றரைக்குத்தான் உள்ளே விட்டார்கள். டாக்டர், நர்ஸ், மருந்து தரும் கம்பவுண்டர்ம்மா மூவருக்கும் ஒரே மேஜை. டாக்டர் எழுதியதைக் கம்பவுண்டர்ம்மா துருவித் துருவிக் கேட்ட பிறகே மருந்து. என் படர்தாமரை, வரிசை முழுக்கத் தெரிந்துபோயிற்று.

அடுத்து குமாரி. அவரை வாயைத் திறக்கச் சொன்னார் கம்பவுண்டர்ம்மா.

"ரெண்டு வருஷமா துன்ற. இந்த மாத்திரைக்கு ஈறு வளரும். உனக்கு சுத்தமா கீதே?"

குமாரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். களிம்புக்குக் காத்திருந்த நான் சும்மா இருந்திருக்கலாம். "இவங்க வீட்டுக்காரருக்குத்தான் பல்லே தெரியல" என்று சொல்லிச் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

கம்பவுண்டர்ம்மா சீட்டை டாக்டர் பக்கம் நகர்த்தினார். குமாரியை அழைத்துப்போக வாசலில் வண்டியோடு நின்ற சேகரை உள்ளே கூப்பிட்டார்கள். வலிப்பு அவருக்குத்தான்; கடைசியாக வந்து பத்து நாள். வெளியே தெரிந்தால் வண்டி போய்விடும் என்று மனைவி பெயரில் மாத்திரை வாங்கியிருக்கிறார்கள்.

"உம் பொண்டாட்டி எடைக்கு எழுதுனத நீ துன்னுகினு கீற. அப்பறம் வலிப்பு எப்டி நிக்கும்?" என்றார் கம்பவுண்டர்ம்மா. சீட்டில் பெயரை மாற்றி, அளவைக் கூட்டினார் டாக்டர். இனி வண்டி ஓட்டவே கூடாது என்றும் சொன்னார்.

"வண்டிய வுட்டா சோத்துக்கு இன்னா பண்றது சார்?"

மேஜையில் இருந்த மூவரிடமும் அதற்கு மருந்து இல்லை. குமாரி என்னைப் பார்த்தார்.

"உன்னாண்ட யாரு சார் கேட்டது?"

போகிறவர்களுக்கு: எட்டரைக்குள் போனால் சீக்கிரம் டோக்கன் கிடைக்கும். வீட்டில் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள்; கம்பவுண்டர்ம்மாவிடம் பொய் சொல்லாதீர்கள். என் வாயால் ஒரு குடும்பத்தின் சோறு போனாலும் தினம் ஒன்பது உயிர் பிழைத்தது என்று தேற்றிக்கொள்கிறேன்.

திரும்பி வரவும் ஷேர் ஆட்டோ உண்டு, அதே ஏழு ரூபாய். அடுத்த வண்டிக்கு அரை மணி ஆகும் என்றார்கள். நின்றிருந்தது சேகர் வண்டி; ஓட்டுகிற இடத்தில் அவரேதான். ஏறிக்கொண்டேன்.