மந்திரி வீட்டு இரும்புப் பெட்டி

பூட்டு ரிப்பேர் தொழிலில் கைக்குத்தான் கூலி, கண்ணுக்குக் கிடையாது. பூட்டு திறந்துகொண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அடுத்தவர் பெட்டிக்குள் இருப்பதைப் பார்த்தவன்தான், ஏதாவது காணாமல் போனால் முதலில் மாட்டுவான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் அரியலூர் கடைத்தெருவில் கடை வைத்திருந்த நான் அப்போதெல்லாம் இதை ஒருநாளும் மீறியதில்லை. கூலிக்கு மாரடிக்கும் உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

ஐயா சிரித்தது

விக்கிரமங்கலம் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் மதராஸில் மந்திரியாகிவிட்டார். முன்பே காணி காணியாக நஞ்சை வைத்திருந்தவர். இனி எவ்வளவு சேருமோ என்று ஊரே வாயைப் பிளந்தது. ஒருமுறை ஊருக்கு வந்தவர், இரும்புப் பெட்டியின் சாவி தொலைந்துவிட்டதென்று என்னை வரச்சொன்னார். திறந்துவிட்டு வழக்கம்போலச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றேன். முதுகுக்குப் பின்னால் அவர் சிரித்தார்.

"உள்ள பாருய்யா. நாளைக்கு எவனாச்சும் கேட்டா சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும்ல?"

அம்மா பேசாதது

புத்திகெட்ட நான் திரும்பவே இல்லை. மறுவருஷம் அவர் பதவியில் இருக்கும்போதே தவறிப்போனார். காரியம் முடிந்ததும் எனக்கு மறுபடி ஆள் வந்தது. இந்தமுறை சாவி மதராஸிலேயே தொலைந்திருந்தது. அறைக்குள் நானும் அவர் சம்சாரமும் மட்டும். வாசலில் ஐயாவின் தம்பி. பூட்டு திறந்தது, திரும்பிக்கொண்டேன். அழுகையோ பெருமூச்சோ வரும் என்று பார்த்தால் நெடுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. அறையில் நான் மட்டும்தான் இருக்கிறேனோ என்று பயந்துவிட்டேன். அப்புறம் அந்த அம்மா வெளியே போய், பெட்டி காலி என்றார். தம்பி என்னைப் பிடித்துக்கொண்டார். நான் பார்க்கவில்லை என்ற உண்மையைச் சொன்னேன்.

"மந்திரி பொட்டி காலியாம்! உள்ள இருந்தது வெளிய வர்ற வரைக்கும் அண்ணிக்கு இந்த வூட்ல ஒரு பிடி சோறு கிடையாது."

தரையைத் தோண்டியது

மதராஸில் தன்னைத் தேடி வந்தவர்களுக்கெல்லாம் ஐயா சோறு போட்டது நஞ்சையை விற்றுத்தான் என்று, அதை வாங்கியவரே பிற்பாடு என்னிடம் சொன்னார். ஊரில் ஒருவரும் நம்பவில்லை. ஆடி மாசத்தில் தம்பி, பெட்டியை இன்னொருமுறை திறந்து காட்டச் சொல்லி என்னை அழைத்தார். பட்டப்பகலில் அந்த வீடு பார்க்கவே பயமாக இருந்தது. அறைக்கு அறை குழி, ஒவ்வொன்றும் ஆள் நீளத்துக்கு. பெட்டியைத் திறந்து இந்தமுறை நன்றாகப் பார்த்தேன். ஒரு செத்த பல்லி கிடந்தது. காலிதான் என்று கத்தினேன்.

"இப்ப காலிதான். நீ திரும்பி நின்னியே, அன்னிக்கு என்ன இருந்துச்சு?"

புதுப் பூட்டு

தோண்டிச் சலித்த தம்பி உடையார்பாளையத்துக்குக் குடிபோய்விட்டார். அக்கம்பக்கத்தார் ஊற்றும் கஞ்சியில் அந்த அம்மா தனியாக இருந்தார். ஒருநாள் அவரே கூப்பிட்டனுப்பினார். உள்ளே நுழையும்போதே டொக் டொக்கென்று சத்தம். அம்மாதான், சுவரைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பெட்டிக்கு இன்னொரு பூட்டு வேண்டுமாம். வெறும் பெட்டிக்கு எதற்கம்மா என்று கேட்டேன்.

"என் கண்ணால பார்த்தேங்க, காலிதான். ஆனா மந்திரி பொட்டி காலியாவா இருக்கும்?"

அன்றிலிருந்து பூட்டு திறந்ததும் பெட்டிக்குள் நன்றாக எட்டிப் பார்த்துவிடுகிறேன், வாடிக்கைதான் பாதியாகக் குறைந்துவிட்டது.