ஆடிக் காற்றில் பார்த்த மைலேஜ்

என் சகலையும் நானும் ஒரே மாதத்தில் ஒரே மாதிரிக் கார் வாங்கினோம். நிறம் மட்டும் வேறு. அவர் என் மனைவியின் தங்கை கணவர், என்னைவிட ஏழு வயது இளையவர், கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். நான் தேனியில் இருக்கிறேன். கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். முதலில் வாங்கியது நான். "அண்ணன் வாங்குனா விசாரிச்சுத்தான் வாங்கியிருப்பாக" என்று சொல்லி அவரும் அதையே எடுத்தாராம். என் மனைவி அதைப் பெருமையாகச் சொன்னாள். எனக்குப் பெருமை வரவில்லை. என் சட்டையை இன்னொருவர் மேல் பார்த்தது போல இருந்தது.

புதுக் காரின் மைலேஜைச் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். காரின் திரை தானாகக் காட்டும் எண்ணை நான் நம்பவில்லை. பெட்ரோல் பங்கில் குழாய் தானாக 'டக்'கென்று நிற்கும்வரை போட்டு, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யத்தில் வைப்பேன். டேங்க் முக்கால்வாசி காலியானதும் அதே பங்கில், அதே குழாயில், மறுபடி 'டக்' வரும்வரை போடுவேன். ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுத்தால் விடை. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் பதினேழைத் தாண்டவில்லை.

உறவில் ஒரு காதுகுத்து. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சகலை சொன்னார்:

"நமக்கு இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு குடுக்குதுண்ணே. உங்களுக்கு?"

"எப்படிப் பார்த்தீக? திரையில பார்த்தீகளா?"

"அது பொய்யில்ல சொல்லும்? புல் டேங்குக்குப் புல் டேங்கு. நீங்க சொல்லிக்குடுத்த மாதிரிதான்."

எதிர்ப்பந்தியில் இருந்த யாரோ, "வாத்தியாருக்கு வண்டியும் பாடம் கேக்குது போல, மெதுவாத்தான் போகுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சகலையும் சிரித்தார். பாயசம் எனக்கு இறங்கவில்லை.

துருவித் துருவிக் கேட்டேன். அவர் கணக்கில் தப்பில்லை. வித்தியாசம் ஓட்டுவதில் இருந்தது. இளவயதில் அவர் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பைக் கம்பமெட்டு மலை வளைவுகளில் ஓட்டியவர். வளைவு கண்ணில் படும்போதே அவர் கால் ஆக்ஸிலேட்டர் மிதியிலிருந்து எழுந்துவிடும். நான் வளைவுவரை மிதித்துக்கொண்டே போய், பிரேக் போட்டு, மறுபடி மிதிப்பேன். அந்த வீணான பெட்ரோல்தான் எங்கள் இருவருக்கும் இடையிலிருந்த எண். அதைத் தாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் என் மனைவி அவர் காரில் ஏறினால் உத்தமபாளையம் வருவதற்குள் தூங்கிவிடுவாள். என் காரில் ஜன்னலுக்கு மேலுள்ள கைப்பிடியை விடமாட்டாள். இத்தனை வருடத்தில் அவள் என்னை ஒரு சொல் குறை சொன்னதில்லை. அந்தக் கை மட்டும் சொல்லிக்கொண்டே வந்தது.

ஆடி மாதம் கொழுந்தியாளுக்கு முழங்கால் வலி என்று கம்பத்தில் போய்ச் சில நாள் தங்கியிருந்தோம். சகலை ஒரு வேலையாகத் தன் காரில் தேனிக்குப் போயிருந்தார். மொட்டை மாடியில் காயப்போட்ட வேட்டியைக் காற்று பிடுங்கிக்கொண்டு போனது. குமுளி மலை இடைவெளியில் புகுந்து, பள்ளத்தாக்கு நெடுகத் தேனிப் பக்கம் தள்ளும் காற்று. வேட்டியை எடுக்கக் குனிந்தபோதே எனக்கு யோசனை வந்துவிட்டது. போனில் கூப்பிட்டேன்.

"தம்பி, ஒரு பந்தயம் பார்ப்பமா? நீங்க அங்கன புல் டேங்க் போட்டுட்டு இங்கன வாங்க. நான் இங்கன போட்டுட்டு அங்கன வாறேன். ஒரே ரோடு, ஒரே தூரம், ஒரே நேரம்."

"அட, இதுவும் நல்லாத்தான இருக்கு! தோத்தவுக பரோட்டா வாங்கித் தரணும்ணே."

தேனியிலிருந்து கம்பம் மேடு. கண்ணுக்குத் தெரியாத மேடு, ஆனால் மேடு. காற்றும் எதிர்க்காற்று. எனக்கு இரண்டும் பின்னாலிருந்து தள்ளும். தவிர, இந்தத் தூரத்துக்கு இரண்டு, இரண்டரை லிட்டர்தான் ஆகும். குழாய் கொஞ்சம் முன்பின் நின்றாலே விடை மாறிவிடும், இது சோதனையே அல்ல. இதையெல்லாம் வருடக்கணக்காகக் கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான்.

சின்னமனூருக்கு அருகே எதிரெதிரே கடந்தோம். அவர் முன்விளக்கை இரண்டு தரம் மின்னவிட்டு, ஜன்னலுக்கு வெளியே கையை உயர்த்தி ஆட்டினார். சாலையோரத் தென்னைகள் எல்லாம் நான் போகும் திசைக்கே வளைந்திருந்தன. நானும் கையை ஆட்டினேன்.

எனக்கு இருபத்தொன்று வந்தது. அவருக்குப் பதினாறு.

அவர் பரோட்டா வாங்கிக்கொடுத்தார், கேலியும் செய்தார். ஆனால் சாப்பிடும்போது, "எப்பிடிண்ணே? முன்னாடி எனக்கு இருபத்திரெண்டு வந்துச்சே" என்று இரண்டு தரம் கேட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "முன்ன பார்த்ததுல எங்கயாச்சும் தப்பியிருக்கும் தம்பி" என்றேன். படித்தவன் சொன்னால் அவர் தட்டமாட்டார்.

வண்டியை சர்வீஸுக்கு விட்டார். கோளாறு ஒன்றும் இல்லை என்றார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் அவருக்குக் கண்புரை அறுவை நடந்திருந்தது. வண்டியில் குறையில்லை என்றால் குறை தன்னிடம்தான் என்று அவரே முடிவுகட்டிவிட்டார். "கை போயிருச்சுண்ணே. மலை ரோட்டுல பொம்பளையாளுகள வச்சுக்கிட்டு எதுக்கு வம்பு?" என்று சம்பளத்துக்கு ஒரு டிரைவரை வைத்தார். அதைக் கேட்ட அன்று நான் இரண்டு தட்டுச் சாதம் சாப்பிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

கொழுந்தியாளை வைத்தியத்துக்குக் குமுளிக்கு மேலே கூட்டிப்போனபோது நாங்களும் அவர் காரில் போனோம். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறியது. சகலை டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வளைவிலும் அவர் வலது பாதம், மிதியே இல்லாத இடத்தில் தரையை அழுத்தி எழுந்துகொண்டிருந்தது. டிரைவர் பிரேக் போடும் முன்பே, ஒவ்வொரு முறையும், மிகச் சரியாக. பின்னால் இருந்து அதையே பார்த்துக்கொண்டு போனேன்.

அன்று சாயங்காலம் தோட்டத்தில், என் மனைவி பக்கத்தில் இருக்கும்போதே, சொன்னேன். மேடு, காற்று, இரண்டரை லிட்டர், எல்லாவற்றையும்.

சகலை சிரித்தார். "எனக்கு மனசு விட்டுப் போச்சேன்னு ஆறுதலுக்குச் சொல்றீக. விடுங்கண்ணே. வயசாச்சுன்னா ஒத்துக்கிற வேண்டியதுதான்."

"இல்ல தம்பி, நெசமாத்தான்."

"உங்களுக்கு எம்மேல இருக்குற பிரியம் எனக்குத் தெரியாதா?"

என் மனைவி சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த முகம் தெரியும்.

"காத்து நிக்கிறதுக்குள்ள இன்னொருக்கா ஓட்டுங்க" என்றாள். "தம்பி இங்கயிருந்து கிளம்பட்டும். நீங்க தேனியிலயிருந்து வாங்க. தம்பி கூட நான் போறேன்."

"வேணாம் மதினி, கையி…"

"நான் ஏறுறேன்ல? ஓட்டுங்க."

அந்த வாரமே நடந்தது. எதிர்க்காற்றில் நான் கம்பம் நோக்கி வந்தேன். தோற்பதற்காகத்தான் வந்துகொண்டிருந்தேன். வீரபாண்டி தாண்டியதும் என் கை தானாகப் போய் ஏசியை அணைத்தது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வேர்த்து ஒழுக, மிதியைத் தொட்டும் தொடாமலும் ஓட்டினேன். ஜெயிக்க முடியாது என்று தெரிந்தும் ஓட்டினேன். எனக்குள் இருந்தது அவ்வளவு மோசமானது.

கம்பம் பங்கில் எனக்குப் பதினைந்து வந்தது. போன் அடித்தது. தேனிப் பங்கிலிருந்து சகலை.

"இருபத்துநாலுண்ணே! இருபத்துநாலு! மதினி வழி பூராம் தூக்கம்!" குரல் உடைந்து சிரித்தார். பிறகு குரல் மாறியது. "அப்ப அன்னைக்கு…" என்றார். "அண்ணே, அன்னைக்குத் தெரியாமத்தான செஞ்சீக? தெரியாமன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. நான் மறந்துருவேன்."

சொல்லியிருந்தால் மறந்திருப்பார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

"தெரிஞ்சுதான் தம்பி செஞ்சேன்."

போனை வைத்துவிட்டார்.

டிரைவரை நிறுத்திவிட்டு இப்போது அவரே ஓட்டுகிறார். பழங்களைத் தேனிக்குக் கொண்டுவருகிறார், என் மனைவிக்குப் போன் செய்து அவளைத் தெருமுனைக்கு வரச்சொல்லி ஒரு பெட்டி திராட்சை கொடுத்துவிட்டுப் போகிறார். வீட்டுக்குள் வருவதில்லை. சுத்தம் செய்து தட்டில் வைத்து என் மனைவி எனக்கும் கொடுக்கிறாள். நன்றாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. ஆனால் தின்கிறேன்.